அந்த ஒரு நிமிஷம்

கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம், நேயர்களே. பாதகமில்லை. அந்த ஆட்டத்தில் வருகிற ஒரே ஒரு காட்சியை மட்டும் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வார விஷயத்துக்கு அது போதும்.

ஓர் ஆட்டக்காரரை எதிர்க் கோஷ்டியைச் சேர்ந்தவர் விதிக்கு மாறாக இடித்துவிட்டால், இடிபட்டவருக்கு ஒரு சலுகை உண்டு. அதற்கு 'ஃப்ரீ த்ரோ' என்று பெயர். வளையம் மாட்டியிருக்கும் பலகைக்கு 15 அடி தூரத்தில் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டருகே நின்றுகொண்டு, 10 அடி உயரத்தில் இருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி. வளையத்தின் குறுக்களவு 18 அங்குலம். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய அதில் பாதி. வழி மறிக்க ஆள் கிடையாது. ஓட வேண்டாம், தாவ வேண்டாம். நிதானமாக நின்று போடலாம்.

அப்படியானால், கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூற்றுக்கு நூறு போட வேண்டாமோ? போடுவதில்லை. பல பத்தாண்டுகளாகவே அவர்களுடைய சராசரி நூற்றுக்கு 75-ஐ ஒட்டித்தான் நின்றுகொண்டிருக்கிறது. இது மட்டுமல்ல. சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், அதே ஆட்டக்காரர்கள் தங்கள் வழக்கத்தைவிட நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைவாகப் போடுகிறார்கள். என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பந்தயங்களின் கணக்குகளை அலசிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் எழுதிய முடிவு இது.

கோடு நகரவில்லை. வளையம் சுருங்கவில்லை. பின்னே, சுருங்கியது எது?

அதைச் சொல்வதற்கு முன் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு வருவோம். அவர் பெயர் நிக் ஆண்டர்ஸன். 'ஆர்லாண்டோ மாஜிக்' என்ற கோஷ்டியின் ஆட்டக்காரர். 1995 மே மாதத்தில் இவர் ஒரு காரியம் செய்தார். உலகப் பிரசித்தி பெற்ற மைக்கேல் ஜோர்டன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது, பின்னாலிருந்து வந்து அதைத் தட்டிப் பறித்து, தம் கோஷ்டிக்கு வெற்றி தேடிக்கொடுத்தார். ஆகவே, கோழை என்றோ கத்துக்குட்டி என்றோ அவரை யாரும் சொல்ல முடியாது.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 7-ம் தேதி, சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடரின் முதல் ஆட்டம். எதிரே ஹூஸ்டன் கோஷ்டி. ஆட்டம் முடியப் பத்து விநாடிதான் பாக்கி. ஆர்லாண்டோ 3 புள்ளி முன்னால் இருக்கிறது. ஆண்டர்ஸனை இடித்துவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால்கூட ஆட்டம் கையில் வந்த மாதிரிதான்.

முதல் பந்து விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. திரும்பி வந்த பந்தை அவரே பிடித்தார், மறுபடியும் இடித்தார்கள், மறுபடியும் இரண்டு. மூன்றாவதும் போயிற்று. நாலாவதும் போயிற்று! அடுத்த சில விநாடிகளில் ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் தூரத்திலிருந்து ஒரு பந்தைப் போட்டு ஆட்டத்தைச் சமமாக்கினார். கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 120-118 என்று ஜயித்தது. அத்துடன் நிற்கவில்லை. நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜயித்துப் பட்டத்தைக் கொண்டுபோயிற்று.

ஆட்டம் தோற்றால் தோற்கட்டும். அது ஆட்டத்தின் இயல்பு. நம்முடைய கவலை ஆண்டர்ஸனைப் பற்றியது. அந்தப் பருவத்தில் நூற்றுக்கு 70 போட்டவர் அவர். அடுத்த வருஷம் ஒருவாறு சமாளித்தார். அதற்கும் அடுத்த 1996-97-ல் நூற்றுக்கு 40 ஆகிவிட்டது! கை அதே கை. வயசும் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் கோட்டருகே போய் நின்றால், அந்த நாலு பந்துகளும் கூடவே வந்து நின்றன. பிற்காலத்தில் அவரே இதை ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

இப்போது சுருங்கியது எது என்று புரிகிறதல்லவா?

வாசலில் தினமும் கோலம் போடுகிற பெண்மணியைப் பாருங்கள். பேசிக்கொண்டே புள்ளி வைப்பார். இழை தானாக ஓடும். அவரையே ஒரு கோலப் போட்டியில் உட்கார்த்தி, சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்தால்? 'விரல் சரியாகப் போகிறதா?' என்ற எண்ணம் வரும். வந்ததோ இல்லையோ, இழை கோணும். பழகிய கைக்குத் தன் வேலை தெரியும். மனசு பயந்துபோய் மேற்பார்வை பார்க்கக் கிளம்பும்போதுதான் கை தடுமாறுகிறது. ஆயிரம் தடவை செய்த காரியத்தை அன்றுதான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி செய்ய ஆரம்பிக்கிறோம்.

இன்னொரு சத்துருவும் உண்டு: 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்கிற நினைப்பு. வில்ட் சேம்பர்லேன் என்று ஒரு மகா ஆட்டக்காரர் இருந்தார். ஏழடி உயரம். 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் அதை எட்டியதில்லை. அன்று 32 ஃப்ரீ த்ரோக்களில் 28-ஐப் போட்டார். எப்படி? பந்தை இரண்டு கையாலும் தாழப் பிடித்து, கீழிருந்து மேலே ஊசலாட்டி எறிகிற முறையில். ஆனால் பார்ப்பதற்கு அது சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதென்று வெட்கப்பட்டு அந்த முறையையே விட்டுவிட்டார். பலன்? ஆயுள் சராசரி நூற்றுக்கு 51. அதே கீழ்க்கை முறையை, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று கடைசிவரை விடாமல் வைத்துக்கொண்ட ரிக் பாரி என்பவருடைய சராசரி ஏறக்குறைய 90! விட்டது பிசகுதான் என்று சேம்பர்லேன் பிற்பாடு தம் சுயசரிதத்தில் ஒப்புக்கொண்டார். கை அறிந்ததை வெட்கம் கெடுத்துவிட்டது.

ஒருவர் மனசே இந்தப் பாடு படுத்துமானால், பன்னிரண்டு பேர் கொண்ட கோஷ்டியின் கதி என்ன? அங்கே பயம் மட்டுமா, பொறாமை உண்டு, கோபம் உண்டு, 'நான் பெரியவனா, நீ பெரியவனா' உண்டு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இந்த மனசுகளைப் பழக்குவதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு, 'சிகாகோ புல்ஸ்' என்ற கோஷ்டியின் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1991, 92, 93 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியன் பட்டம் பெற்ற கோஷ்டி அது. 1993-ல் ஜோர்டனின் தகப்பனார் கொலையுண்டார். அந்த அக்டோபரில் ஜோர்டன் ஆட்டத்தை விட்டே விலகினார். தலைமகன் திடீரென்று வீட்டைவிட்டுப் போனதுபோல் ஆயிற்று. பயிற்சியாளர் பில் ஜாக்ஸன் யோசித்தார். அவர் தியானத்தில் ஈடுபாடு உள்ளவர். 'ஜென் குரு' என்று பத்திரிகைக்காரர்கள் அவருக்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். அவர் கூப்பிட்டது இன்னோர் ஆட்டக்காரரை அல்ல. ஜார்ஜ் மம்ஃபோர்ட் என்ற தியான ஆசிரியரை.

மம்ஃபோர்டின் கதையே ஒரு தொடர்கதைக்குத் தாங்கும். கல்லூரி நாட்களில் கூடைப்பந்தில் புகழ்பெற வேண்டுமென்று கனவு கண்டவர். பின்னால் பெரும் நட்சத்திரமான ஜூலியஸ் எர்விங்கும் அவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். காயங்கள் அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டன. வலிக்கு மருந்து, மருந்திலிருந்து ஹெராயின் போதை. பல வருஷம் அந்தப் படுகுழியில் கிடந்து, மூச்சைக் கவனிக்கும் தியானப் பயிற்சியினால் மேலே ஏறி வந்தார். பிறகு ஜான் கபாட்-ஜின் என்ற பேராசிரியருடன் சேர்ந்து சிறைச்சாலைக் கைதிகளுக்கு அதே பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். விழுந்தவன் எழுந்திருப்பது எப்படி என்பதைப் புஸ்தகத்தில் படித்தவர் அல்ல, பட்டுத் தெரிந்தவர்.

அவர் சொல்லிக்கொடுத்தது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனசு வேறெங்கோ ஓடும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டி வாருங்கள். இவ்வளவுதான். 'இதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறரை அடி உயர ஆட்டக்காரர்களில் சிலரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தவறிப்போன பந்தை நினைத்துக்கொண்டு ஓடுகிறவன், இப்போது வருகிற பந்தைக் கோட்டை விடுகிறான். போன மனசைத் திரும்பக் கூட்டி வருகிற பழக்கம் இருந்தால் அந்தப் பந்து தப்பாது. ஜாக்ஸன் தம் பங்குக்கு, ஒருநாள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று மௌனப் பயிற்சி வைத்தார். விளக்கை அணைத்துவிட்டுக்கூட ஆடச் சொன்னார். கத்தாமல், கையைக் காட்டாமல் பக்கத்தில் இருப்பவன் எங்கே வருவான் என்று உணர வேண்டும் அல்லவா?

இந்தப் பயிற்சிக்கெல்லாம் பரீட்சை 1994 மே 13-ம் தேதி வந்தது. நியூயார்க் கோஷ்டியுடன் ஆட்டம். தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் சிகாகோ தோற்றிருந்தது. மூன்றாவதில் இரு பக்கமும் 102. இன்னும் 1.8 விநாடிதான் இருக்கிறது. கடைசிப் பந்தை யார் எறிவது? ஜோர்டன் இல்லாத அந்த வருஷம் முழுவதும் கோஷ்டியைத் தோளில் சுமந்தவர் ஸ்காட்டி பிப்பன். ஆனால் ஜாக்ஸன், ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த டோனி குகோச்சை எறியச் சொன்னார்.

பிப்பனுக்கு முகம் சிவந்தது. களத்துக்குள் வர மறுத்து, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்!

அவர் இல்லாமலே குகோச் பந்தைப் போட்டார். விழுந்தது. சிகாகோ ஜயித்தது. ஆனால் உடை மாற்றும் அறையில் சந்தோஷம் இல்லை. வயதில் மூத்த பில் கார்ட்ரைட் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். 'இவ்வளவு தூரம் சேர்ந்து வந்தோமே, இப்படிச் செய்யலாமா?' என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

இங்கேதான் ஜாக்ஸனைக் கவனிக்க வேண்டும். வேறொரு பயிற்சியாளராயிருந்தால் அந்த நிமிஷமே அபராதம் போட்டிருப்பார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் தூற்றியிருப்பார். ஜாக்ஸன் அப்படிச் செய்யவில்லை. 'இது உங்களுக்குள் ஏற்பட்ட புண். நீங்களே பேசி ஆற்றிக்கொள்ளுங்கள்' என்கிற பாவனையில் அவர்களைத் தனியே விட்டு வெளியே போய்விட்டார். பிப்பன் சகாக்களிடம் மன்னிப்புக் கேட்டார். விஷயம் அங்கேயே முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்து, சிகாகோவை ஜயிக்கவைத்தவர் அதே பிப்பன்தான்.

கதைகளில் வருவதுபோல அவர்கள் அந்தத் தொடரை ஜயித்துவிடவில்லை. ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஜோர்டன் இருந்த 1992-93 பருவத்தில் அந்தக் கோஷ்டி 57 ஆட்டம் ஜயித்தது. ஜோர்டன் இல்லாத அடுத்த பருவத்தில் 55. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் போனதற்கு நஷ்டம் இரண்டே ஆட்டம்! 'ஜோர்டனை வைத்துக்கொண்டு யார்தான் ஜயிக்க மாட்டார்கள்?' என்று ஜாக்ஸனைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1995-ல் ஜோர்டன் திரும்பினார். அந்த அக்டோபர் பயிற்சியில் வாக்குவாதம் முற்றி, ஸ்டீவ் கெர் என்ற சகாவின் முகத்தில் ஒரு குத்து விட்டார். அன்றே மன்னிப்பும் கேட்டார். அந்தக் குத்திலிருந்து இருவருக்கும் நடுவே மரியாதை பிறந்தது என்று கெர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பருவத்தில் சிகாகோ 82 ஆட்டங்களில் 72-ஐ ஜயித்து, பட்டத்தையும் பெற்றது.

1997 இறுதித் தொடர். நாலாவது ஆட்டத்தில் கெர் ஒரு முக்கியமான பந்தைத் தவறவிட்டார், சிகாகோ தோற்றது. சகாக்களைக் கைவிட்டுவிட்டோமே என்று அறைக்குப் போய், மணிக்கணக்காகத் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாராம். ஆண்டர்ஸனுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்திருக்கலாம்.

ஜூன் 13, ஆறாவது ஆட்டம். இரு பக்கமும் 86. கடைசி விநாடிகள். எல்லோரும் ஜோர்டனையே சூழ்வார்கள் என்பது நிச்சயம். ஆட்டத்தை நிறுத்தியிருந்த இடைவேளையில் ஜோர்டன் கெர்ரைப் பார்த்து, தயாராயிரு என்றார். இருப்பேன் என்றார் கெர். அப்படியே நடந்தது. இருவர் ஜோர்டனை மறித்தார்கள், பந்து கெர்ரிடம் வந்தது, எறிந்தார், விழுந்தது. சிகாகோவுக்குப் பட்டம்!

கெர் பலசாலி, ஆண்டர்ஸன் பலவீனர் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. தவறின ஐந்தாவது நாளே, தவறினவரை நம்பி இன்னொரு பந்தைக் கொடுக்க ஒருவர் இருந்தார். முன்பு குத்திய அதே மனிதர்! தவறு நடந்த பிறகு வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கோஷ்டி பல வருஷமாகப் பழகியிருந்தது. மனப் பயிற்சி என்பதன் சாரம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஜயிப்போம், ஜயிப்போம் என்று கோஷம் போடுவதல்ல. சறுக்கிய பிறகு திரும்பி வரும் வழியை முன்கூட்டியே வெட்டி வைப்பது.

இதில் தனி ஆள் செய்துகொள்ளக்கூடியதும் உண்டு. கானடா தேசத்து ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை, ஃப்ரீ த்ரோ போடுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 1996-ல் எழுதினார். நன்றாகப் போடுகிறவர்கள் எறிவதற்கு முன் வளையத்தின் ஓரிடத்தில் பார்வையைச் சற்று அதிக நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள். மற்றவர்களுக்குக் கண் அலைகிறது. அலைகிற கண்ணை நிறுத்தப் பழக்கினால் குறியும் திருந்துகிறது என்பதையும் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் கோஷ்டியிடம் அவர் காட்டினார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கையில் பந்தைத் தரையில் தட்டி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் எறிவது இதற்காகத்தான். மனசுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது மேற்பார்வைக்கு வராது.

பெற்றோர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஜான் வுடன் என்ற கல்லூரிப் பயிற்சியாளர் 12 வருஷத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1974-75-ல் இரண்டு மனோதத்துவ நிபுணர்கள், பயிற்சியின்போது அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் கணக்கெடுத்தார்கள். பாராட்டு, நூற்றுக்குச் சுமார் 7. திட்டு, அதுவும் சுமார் 7. மற்றவற்றில் பெரும்பகுதி என்ன தெரியுமா? 'இப்படிப் பிடி, இந்தப் பக்கம் திரும்பு' என்ற சின்னச் சின்ன யோசனைகள்! 'மக்கு' என்பதாலும் பையன் திருந்தமாட்டான். 'மகாராஜா' என்பதாலும் திருந்தமாட்டான். அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று சொன்னால் பிழைத்துக்கொள்வான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மனப் பயிற்சியாளர் வைத்தியர் அல்ல. 2017 நவம்பரில் கெவின் லவ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர், ஆட்டத்தின் நடுவே மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்துக் களத்தைவிட்டு ஓடினார். உடம்பில் கோளாறு இல்லை, மனசில் பீதி. அடுத்த மார்ச்சில் அதைப் பகிரங்கமாக எழுதினார். 2019-20 பருவம் முதல் ஒவ்வொரு கோஷ்டியும் மனநல நிபுணர்களை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று என்.பி.ஏ. விதி செய்தது. மூச்சைக் கவனித்தால் தீருகிற பயம் ஒன்று. வைத்தியரிடம் போக வேண்டிய பயம் வேறொன்று. இரண்டையும் 'மனசைத் திடப்படுத்திக்கொள்' என்ற ஒரே வார்த்தையால் அடித்து உட்கார வைக்கக் கூடாது.

ஸ்டீவ் கெர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2014-ல் 'கோல்டன் ஸ்டேட்' கோஷ்டிக்குப் பயிற்சியாளரானார். 2022-க்குள் அதற்கு 4 பட்டம் வாங்கிக் கொடுத்தார். தம் கோஷ்டிக்கு அவர் வகுத்த கொள்கைகளில் போட்டி மனப்பான்மை உண்டு. கூடவே சந்தோஷம், கவனம், கருணை என்ற மூன்றும் உண்டு.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பந்தைத் தவற விட்டிருக்கலாம். அது பரீட்சையாக இருக்கலாம், பாட்டுக் கச்சேரியாக இருக்கலாம், அடுப்பில் தீய்ந்துபோன பண்டமாகவும் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை, சாவகாசமாக இருக்கும்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.